உஷார்! ஸ்கேன் படத்தை அப்படியே வெட்டக் கொடுக்காதீர்கள்

லுணுகலைத் தோட்டத் தொழிற்சாலைக்காரர்களே, வெல்டிங் பட்டறைத் தம்பிமாரே, ஒரு நிமிடம். ரோலருக்கோ டிரையருக்கோ புதுத் தகடு வேண்டும் என்று பழைய வரைபடத்தைக் கொமியூனிகேஷன் கடையில் ஸ்கேன் பண்ணி, கணினியில் ஒரே தட்டில் கோடாக்கி, பிளாஸ்மா வெட்டுக்கு அனுப்பப் போகிறீர்களா? வேண்டாம். தகடும் போகும், காசும் போகும்.

ஸ்கேனில் இருப்பது வெறும் புள்ளிகள். இன்க்ஸ்கேப் போன்ற மென்பொருள் வழக்கமாகக் கறுப்பின் விளிம்பைத்தான் சுற்றி வரும். கடதாசியில் ஒற்றைக் கோடாக இருந்தது பைலில் இரண்டு கோடாகும். மெஷின் இரண்டையும் வெட்டும். போல்ட் துளையைப் பெரிதாக்கிப் பாருங்கள். வட்டம் இருக்காது, நெளிந்த குட்டிக் கோடுகள்தான் வரிசையாக நிற்கும். டார்ச் அந்த முனைகளில் தயங்கித் தயங்கிப் போக, துளையின் ஓரம் கருகிக் கரடாகும். மடிப்புத் தழும்பு, எண்ணெய்க் கறை, அளவு காட்டும் அம்புக்குறி எல்லாமே அதற்கு வெட்டுக்கோடுதான்.

இதைவிடப் பெரிய பயம் அளவில் இருக்கிறது. பெல்பாஸ்ட் சிரோக்கோ டிரையர், கெய்ன்ஸ்பரோ மார்ஷல் ரோலர் என்று மலையகத்துக்கு வந்த பழைய மெஷின்கள் அங்குலக் கணக்கில் செய்தவை. வெட்டுக்கு அனுப்பும் பழைய வகை டி.எக்ஸ்.எப். (DXF) பைலிலோ அலகே பதிவாகாது. 12 என்றால் வெறும் 12. மில்லிமீட்டராக எடுத்துக்கொண்டால் 25.4 மடங்கு சிறுத்துவிடும். அதையாவது யாரும் பார்த்தவுடன் பிடித்துவிடலாம். கண்ணுக்குத் தப்புவது சின்னப் பிழை. பொட்டோ கொப்பி மெஷின் தாளுக்குள் அடக்க 97 வீதமாகச் சுருக்கியது என்று வையுங்கள்: 304.8 மி.மீ. இருக்க வேண்டிய 12 அங்குல போல்ட் வட்டம் 295.7 ஆகிவிடும். பார்வைக்கு அச்சு அசல், போல்ட் மட்டும் ஏறாது. அரத்தால் ராவி எப்படியாவது மாட்டிவிடலாம் என்று நினைக்கவே நினைக்காதீர்கள். சுழலும் பாகத்தில் போல்ட் தளர்ந்தால் பக்கத்தில் வேலை செய்பவரின் கை போகும்.

போனில் சாய்வாகப் பிடித்த படம் இன்னும் மோசம், வட்டமே முட்டையாகிவிடும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தெளிவும் குறையும், டொக்கியூமென்டாக அனுப்புங்கள்.

அப்படியே கோடாக்குவதற்குப் பதிலாக, ஸ்கேன் படத்தை கேட் (CAD) மென்பொருளில் அடியில் வைத்து, மேலே புதிதாக வரையுங்கள். எழுதியிருக்கும் அளவை எண்ணாகவே தட்டுங்கள், துளையை வட்டமாகவே போடுங்கள். ஸ்கேன் பண்ணும்போதே இரும்பு அடிமட்டத்தை நெடுக்கே ஒருமுறை, குறுக்கே ஒருமுறை வைத்து எடுத்தால் எந்தப் பக்கம் சுருங்கியது என்று தெரிந்துவிடும். பழைய பாகம் கையில் இருந்தால் வேர்னியரின் பேச்சைத்தான் நம்ப வேண்டும், கடதாசியை அல்ல. பிளாஸ்மா தின்னும் அகலம் பொதுவாக ஒரு மில்லிமீட்டருக்கு மேலேயே வரும். அதை ஈடுகட்டுவது நீங்களா வெட்டுகிறவரா என்று முதலிலேயே பேசி வையுங்கள். இருவரும் செய்தால் ஈடு இரட்டிப்பாகி அளவு பிழைத்துவிடும்.

பதுளைக்கோ கொழும்புக்கோ பைலை அனுப்பும் முன் முழு அளவில் அச்சடித்து அட்டையில் ஒட்டி வெட்டி, மெஷினிலேயே வைத்துப் பாருங்கள். ஒரு போல்ட் இடித்தாலும் பைலைத் திருத்துங்கள். அதுவரை தகட்டுக்கு ஓடர் கொடுக்காதீர்கள்.