உருளைக்கிழங்குத் தீவின் இன்னல்

கனடா நாட்டின் கீழைக் கடலோரத்தில் பிரின்ஸ் எட்வர்ட் தீவு உள்ளது. அதன் செம்மண் உருளைக்கிழங்குக்குப் பெயர் பெற்றது. 2021-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அங்கு இரண்டு வயல்களில் 'கிழங்கு மரு' என்னும் பூஞ்சை நோய் காணப்பட்டது. உண்பவர்க்கு இந்நோயால் தீங்கில்லை. ஆனால் கிழங்கு முண்டும் முடிச்சுமாய்த் திரிந்து விலைபோகாது. நோய்வித்துக்களோ மண்ணில் 40 ஆண்டுகள் வரையிலும் உறங்கிக் கிடக்கும். கிழங்கில் ஒட்டிய மண்ணோடு ஊர்விட்டு ஊர் செல்லும். ஆதலின் நவம்பரில், அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குக் கிழங்கு அனுப்புவதைக் கனடா அரசே நிறுத்தியது. அண்டைநாடு கதவை அடைக்குமுன் தானே அடைத்துக்கொண்டது எனலாம்.

நோய் கண்டவை இரண்டு வயல்களே. துன்பமோ தீவு முழுவதற்கும். அறுவடை முடிந்து கிடங்குகள் நிறைந்திருந்த வேளை அது. உழவர்கள் தலைநகராகிய ஒட்டாவாவுக்கு வண்டியில் கிழங்கு கொண்டு சென்று, மக்களுக்கு விலையின்றி வழங்கித் தம் குறையை உணர்த்தினர். டிசம்பரில் அரசு 2 கோடியே 80 இலட்சம் டாலர் வரை உதவ முன்வந்தது. மிகுந்த கிழங்கில் ஒரு பகுதி ஏழைகளின் உணவுக்குச் சென்றது. பெரும்பகுதியைப் பனி வாரும் பொறிகளால் நொறுக்கி, வயலில் பரப்பிக் குளிரில் உறையவிட்டு அழித்தனர். அத்தனையும் நல்ல கிழங்கு! விளைத்த கையே அழிக்க நேர்ந்ததை எந்த உதவித்தொகை ஈடுசெய்யும்?

2022 ஏப்ரலில் உணவுக்கிழங்கு மீண்டும் அமெரிக்கா சென்றது; விதைக்கிழங்குக்கு அப்பொழுதும் வழி திறக்கவில்லை.