முதல் துணைவேந்தர் ஒரு மலையாளப் பேராசிரியர்: கொச்சி பல்கலைக்கழகத்தைத் தொடங்கிவைத்த ஜோசப் முண்டசேரி யார்?

காக்கநாடு இன்போபார்க்கில் வேலை, இடப்பள்ளிப் பக்கம் வாடகை வீடு. கொச்சிக்குப் போன தமிழ் நண்பர்கள் பலருக்கு வாழ்க்கை இப்படித்தான் ஓடுது. நீங்களும் அதில் ஒருவர் என்றால், இடப்பள்ளியில் ஆலுவா செல்லும் மெட்ரோவில் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன் 'கொச்சி பல்கலைக்கழகம்' என்பது தெரிந்திருக்கும். ஊர்க்காரர்களுக்கு அது 'குசாட்'. அறிவியல், தொழில்நுட்பத்துக்குப் பெயர் பெற்ற இந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் ஒரு இலக்கிய விமர்சகர். அதற்கு முன்பு, கேரளத்தையே இரண்டு அணியாகப் பிரித்த ஒரு சட்டத்தைக் கொண்டுவந்த கல்வி அமைச்சர்.

யார் இந்த முண்டசேரி?

1903-ல் திருச்சூர் மாவட்டம் கண்டசாங்கடவில் பிறந்தவர். முதலில் படித்தது இயற்பியல். பிறகு மலையாளம், சமஸ்கிருதம் பக்கம் திரும்பி, திருச்சூர் செயின்ட் தாமஸ் கல்லூரியில் 1952 வரை பேராசிரியராக இருந்தார். இடப்பள்ளியில் பிறந்த கவிஞர் சங்ஙம்புழையின் 'ரமணன்' காவியத்துக்கு முன்னுரை எழுதியவரும் இவர்தான். 1957-ல் இ.எம்.எஸ். தலைமையில் அமைந்த கேரளத்தின் முதல் அமைச்சரவையில் கல்வித் துறை இவரிடம் வந்தது.

அந்தச் சட்டத்தில் என்ன இருந்தது?

உங்கள் சம்பளம் மாதம் பிறந்தால் வங்கிக் கணக்கில் விழுந்துவிடும். அன்றைய தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கு அந்த நிம்மதி இல்லை. கையெழுத்து ஒரு தொகைக்கு, கையில் கிடைப்பது வேறு தொகை என்பது பரவலான புகார். நிர்வாகி நினைத்தால் வேலையும் போய்விடும்.

முண்டசேரியின் கல்வி மசோதா இரண்டு விஷயங்களில் கை வைத்தது. ஒன்று, அரசு உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு அரசே நேரடியாகச் சம்பளம் தரும். இரண்டு, அந்த ஆசிரியர்களை அரசுப் பணியாளர் தேர்வாணையம் தயாரிக்கும் பட்டியலில் இருந்துதான் நியமிக்க வேண்டும்.

முதல் விஷயம் ஆசிரியர்களுக்குப் பிடித்தது. இரண்டாவதுதான் பிரச்சினை. பள்ளிகளை நடத்திய கத்தோலிக்க திருச்சபையும் நாயர் சர்வீஸ் சொசைட்டியும் கடுமையாக எதிர்த்தன. மசோதாவைக் குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பினார். சில பிரிவுகள் சிறுபான்மையினரின் கல்வி உரிமைக்கு எதிரானவை என்று 1958-ல் நீதிமன்றம் சொன்னது. திருத்திய பிறகே அது சட்டமானது.

ஆட்சியே போனது ஏன்?

கல்விச் சட்டத்தோடு நிலச் சீர்திருத்த எதிர்ப்பும் சேர்ந்துகொள்ள, 1959-ல் 'விமோசன சமரம்' வெடித்தது. துப்பாக்கிச் சூடுகளில் உயிர்கள் போயின. அந்த ஆண்டு ஜூலை 31 அன்று மத்திய அரசு ஆட்சியைக் கலைத்தது. அடுத்து வந்த அரசு, நியமனப் பிரிவை 1960-ல் மாற்றியது. சம்பளப் பிரிவு அப்படியே நின்றது.

துணைவேந்தர் ஆனது எப்போது?

1971-ல் கொச்சி பல்கலைக்கழகம் உருவானபோது முண்டசேரிக்கு 68 வயது. தொழில் துறைக்கும் வணிகத்துக்கும் தேவையான உயர்கல்வி, ஆராய்ச்சி ஆகியவைதான் அதன் நோக்கம். நூற்றுக்கணக்கான கல்லூரிகளை இணைத்துக்கொண்டு தேர்வு நடத்தும் வகைப் பல்கலைக்கழகம் இல்லை. தன் துறைகளிலேயே பாடம் நடத்துவது. 1986-ல்தான் இன்றைய நீளமான பெயர் வந்தது. அதைப் பார்க்க முண்டசேரி இல்லை. 1977-ல் காலமானார்.

இதில் உங்களுக்கு என்ன?

கேரளத்தில் இன்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் சம்பளம் தருவது அரசு; ஆளை எடுப்பது நிர்வாகம். தமிழ்நாட்டு உதவி பெறும் பள்ளிகளிலும் பெரும்பாலும் இதே கதைதான். வேலைக்கு நிர்வாகம் 'நன்கொடை' கேட்கிறது என்ற பேச்சு வரும்போதெல்லாம், 1957-ல் எழுந்த கேள்வியே திரும்ப வருகிறது: மக்களின் வரிப்பணத்தில் சம்பளம் என்றால், தேர்வு செய்யும் உரிமை யாருக்கு? நிர்வாகத்துக்கு என்றால், எந்த நிபந்தனையோடு?

முண்டசேரி இதில் பாதிதான் ஜெயித்தார். உதவி பெறும் பள்ளியில் வேலை பார்க்கும் ஒரு டீச்சர் உங்கள் வீட்டில் இருந்தால், மாதச் சம்பளம் எங்கிருந்து வருது, வேலை எப்படிக் கிடைச்சுது என்று கேட்டுப் பாருங்கள். மீதிப் பாதி எங்கே நிற்கிறது என்று புரியும்.