உங்களுக்குத் தெரியுமா? மூடிக்குள் அடங்காத எஞ்சின்

கித்துல்கலவில், களனி கங்கையின் மீது, 1957இல் வெளிவந்த ‘த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’ திரைப்படத்துக்காக மாதிரியொன்றைச் செய்யாது முழு அளவிலேயே பாலங்கட்டி, மெய்யான ரயிலோடு அதைத் தகர்த்த இயக்குநர் டேவிட் லீனுக்கு நேராத ஒரு விசித்திரமான சங்கடம், சிறு மாதிரி விமானங்கள் செய்யும் அபிமானிகளுக்கு நித்தியம் நேருகிறது.

1942 ஏப்ரல் 5ஆந் திகதி, ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பைத் தாக்கிய ஜப்பானிய விமானங்களை இரத்மலானையிலிருந்தும் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் எழும்பி எதிர்த்த ஹரிக்கேன் போர் விமானத்தை, 48இல் ஒரு பங்குப் பிரமாணத்தில் பிளாஸ்டிக்கில் அமைத்து, அதன் 12 சிலிண்டர் மெர்லின் எஞ்சினையும் குழாய், கம்பி சகிதம் பூரணமாக்கிய பின்னர் மேலுறையைப் பொருத்தினால், அது மூடாது!

காரணம் எளிய கணிதமே. பிளாஸ்டிக் உறை ஒரு மில்லிமீட்டர் தடிப்பானால், அப்பிரமாணப்படி அது 48 மில்லிமீட்டர் தடித்த சுவராகும். அசலிலோ அவ்விடத்தில் இருப்பது மெல்லிய உலோகத் தகடு. எஞ்சினுக்குரிய இடத்தைச் சுவரே அபகரித்துக்கொள்கிறது.

ஆகவே அனுபவசாலிகள் உறையின் உட்புறத்தை வெளிச்சம் ஊடுருவுமளவு சுரண்டி மெலிவிப்பர்; அல்லது மெல்லிய உலோகத் தகட்டில் புதிய உறை செய்வர். மூடியபின் கண்ணுக்குப் புலப்படாத எஞ்சின் பாகங்களை அரிந்தெறிவாரும் உளர். பாடுபட்டுச் செய்ததை அரிய மனம் வரவேண்டுமே! அவ்வாறு மனம் வராதோர், உறையை விமானத்தின் அருகே தனியே வைத்து, எஞ்சினைத் திறந்தபடியே காட்சிக்கு விடுகின்றனர்.