உங்களுக்குத் தெரியுமா? சங்கு குளித்தவர்கள் கண்ட கப்பல்

நொய்யல் ஆற்றங்கரை ஊரான கொடுமணலுக்கும் கடலுக்கும் வெகு தூரம். ஆனாலும் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் அங்கே சங்கு வளையல்கள் கிடைத்தன; இரும்பு உருக்கிய உலைகளும் கல்மணிப் பட்டறைகளும்கூட வெளிப்பட்டன. கொங்கு நாட்டின் அந்தப் பட்டறைகள் மும்முரமாக இயங்கிய காலத்தில் கடலில் ஓடிய கப்பல் ஒன்று, இலங்கையின் தென்கரையில் கொடவாய என்னும் மீனவ ஊருக்கு எதிரே மூழ்கிக் கிடக்கிறது. வயது ஏறத்தாழ 2,000 ஆண்டுகள். இந்தியப் பெருங்கடலில் இதுவரை கண்டறியப்பட்ட கப்பல் சிதைவுகளில் இதுவே மிகப் பழையது.

இதை முதலில் கண்டவர்கள் ஆய்வாளர்கள் அல்லர், சங்கு குளிக்கும் உள்ளூர்க்காரர்கள். அந்தப் பெருமை அவர்களுக்கே உரியது.

ஆழம் சுமார் 33 மீட்டர். அங்கே மொத்த அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். சிலிண்டர் காற்றும் அதே மடங்கு வேகத்தில் தீரும். ஸ்கூபா வீரர் ஒருவர் அடித்தளத்தில் பாதுகாப்பாக வேலை செய்ய ஒரு முறைக்குக் குறைந்த நேரமே கிடைக்கும். அப்படித் துளித்துளியாகத்தான் கண்ணாடிக் கட்டிகள், துருவேறி ஒன்றாக இறுகிப்போன உலோகப் பாளங்கள், மட்பாண்டங்கள், அரைகல், அம்மி ஆகியவை பதிவாயின. ஒரு கல்லில் மீன், ஸ்ரீவத்சம், நந்திபாதம் என மூன்று மங்கலச் சின்னங்கள் செதுக்கப்பட்டுள்ளன.

கரையிலுள்ள விகாரையில், கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கஜபாகு மன்னன் கொடவாய துறைமுகத்தின் சுங்க வருவாயை அந்த விகாரைக்கே கொடையளித்த கல்வெட்டு இருக்கிறது.