ஜெனீவாவில் மூன்றரை மணி நேரம்

பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்தில் மனித உரிமை என்று பேச்செடுத்தால், கேட்பவர் மனம் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்திக்குத்தான் செல்லும். 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டை தேடுவதாகக் கூறி, வனத் துறை, காவல் துறை, வருவாய்த் துறையினர் அந்தப் பழங்குடி ஊருக்குள் புகுந்தனர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டனர், வீடுகள் சூறையாடப்பட்டன. 2011 செப்டம்பர் 29 அன்று, உயிருடன் இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் குற்றஞ்சாட்டப்பட்டோரில் 54 பேர் இறந்துவிட்டனர். 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது.

இந்த வெற்றி ஜெனீவாவில் கிடைத்ததன்று. ஊர்ப் பெண்களும் மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியினரும் உள்நாட்டு நீதிமன்றங்களில் போராடிப் பெற்றது. அப்படியானால், ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் காலமுறை மீளாய்வால் இத்தகைய ஊர்களுக்கு என்ன பயன்? இது நியாயமான கேள்வி.

மீளாய்வு நீதிமன்றமன்று, யாரையும் தண்டிக்காது. ஏறத்தாழ நாலரை, ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு நாட்டின் நிலையையும் பிற நாடுகள் மூன்றரை மணி நேரம் விவாதித்துப் பரிந்துரைகள் அளிக்கின்றன. இந்தியாவின் முறை 2008, 2012, 2017, 2022 ஆகிய ஆண்டுகளில் வந்தது. விவாதத்துக்கு அடிப்படை மூன்று ஆவணங்கள்: அரசின் அறிக்கை, ஐ.நா. அமைப்புகளின் தொகுப்பு, குடிமைச் சமூக அமைப்புகள் அளித்தவற்றின் சுருக்கம்.

அந்த மூன்றாவது ஆவணத்தில் இடம்பெறுவது எளிதன்று. பல அமைப்புகள் சேர்ந்து அளித்தாலும் சில ஆயிரம் சொற்களுக்கு மேல் எழுத இயலாது. அதுவும் சுருக்கத்தில் ஓரிரு வரியாகிவிடும். எனவேதான் 2009இல் உருவான ‘இந்தியாவிலும் ஐ.நா.விலும் மனித உரிமைகளுக்கான செயற்குழு’ போன்ற கூட்டமைப்புகள், அறிக்கையோடு நில்லாமல், வெளிநாட்டுத் தூதரகங்களைச் சந்தித்து விளக்குகின்றன. மண்டபத்தில் பேசப்போவது நாடுகள் அல்லவா?

இதன் பயனையும் வரம்பையும் ஒரே நேர்வில் காணலாம். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையொப்பமிட்டது. இன்றுவரை ஏற்புறுதி அளிக்கவில்லை. நான்கு மீளாய்வுகளிலும் இக்கேள்வி எழுந்தது. 2010இல் மக்களவை நிறைவேற்றிய சித்திரவதைத் தடுப்பு மசோதா, மாநிலங்களவையின் தெரிவுக் குழுவுக்குச் சென்று, பின்னர் காலாவதியானது. 2017 மே மாதம் அன்றைய அட்டர்னி ஜெனரல் முகுல் ரோத்தகி, ஏற்புறுதியில் இந்தியா உறுதியாக உள்ளதாகப் பேரவையில் கூறினார். அதே ஆண்டு அக்டோபரில் சட்ட ஆணையம் தன் 273ஆவது அறிக்கையில் வரைவு மசோதாவையே அளித்தது. சட்டம் வரவில்லை. சட்டமியற்றுமாறு நாடாளுமன்றத்துக்கு ஆணையிட இயலாது என்று 2019இல் உச்ச நீதிமன்றமும் கூறிவிட்டது. இந்நிலையில், அரசு தன் வாயால் உலகின் முன் அளித்த உறுதிமொழி பதிவில் இருப்பதைச் சிறு பொருளாக நான் கருதவில்லை.

இப்பணிக்கு விலையும் உண்டு. 2016இல் மதுரை மக்கள் கண்காணிப்பகத்தை நடத்தும் அமைப்புக்கு வெளிநாட்டு நிதி பெறும் பதிவு புதுப்பிக்கப்படவில்லை, ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர்களுக்குத் தகவல் அளித்ததை உள்துறை அமைச்சகம் நீதிமன்றத்திலேயே சுட்டிக்காட்டியது.

ஜெனீவா செல்லும் அறிக்கைகளில் எனக்குள்ள குறை ஒன்றே: உரிச்சொற்கள் மிகுதி, ஆவணங்கள் குறைவு. வாச்சாத்தி வழக்கின் தொடக்கத்திலேயே, 1992இல், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணைய அதிகாரி பாமதி நேரில் சென்று எழுதிய அறிக்கை வலுவான சான்றாயிற்று. எந்த நாள், எந்தக் காவல் நிலையம், புகாரை ஏற்க மறுத்தவர் யார், மருத்துவச் சோதனை எப்போது நடந்தது என்பவை வட்டார அமைப்புகளிடம்தான் கிடைக்கும். தில்லிக் கூட்டமைப்பு அதைக் கேட்டு வாங்க வேண்டும். ஜெனீவாவில் அரசு ஏற்ற பரிந்துரைகளும் தமிழில் அரூருக்கும் பாப்பிரெட்டிப்பட்டிக்கும் திரும்பி வர வேண்டும். 2022இல் வந்த 341 பரிந்துரைகளில் 221ஐ இந்தியா ஏற்றது. அவை எவை என்று தருமபுரி மக்களவை உறுப்பினரிடம் கேட்கும் வாக்காளருக்கு, முதலில் அந்தப் பட்டியல் கையில் இருக்க வேண்டும்.