பழைய நிரலுக்குப் புதிய வாயில்

பல அலுவலகங்களில் நெடுநாளாக ஓடிவரும் சிறு நிரல்கள் உண்டு. பற்று வரவைக் கூட்டுவதும், இருப்பைச் சரிபார்ப்பதும், பட்டியல் தயாரிப்பதும் அவற்றின் வேலை. கட்டளைகளை வரிவரியாக எழுதிவைத்த இத்தகைய நிரலை ஸ்கிரிப்ட் என்பர். 1979 இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு வந்த போர்ன் ஷெல்லிலும், 1987 இல் லாரி வால் வெளியிட்ட பெர்ல் மொழியிலும் எழுதப்பெற்றவை எண்ணிறந்தவை. இவை செவ்வனே உழைப்பினும் ஒரு குறை உண்டு. கணிப்பொறியின் முன் அமர்ந்திருப்பவருக்கே இவை பயன்படும். கிளையில் இருப்பவரும், கைபேசி வைத்திருக்கும் அங்கத்தினரும் இவற்றிடம் நேரே விவரம் கேட்க இயலாது.

இக்குறைக்காகப் பழைய நிரலை எறிந்துவிட்டுப் புதியது வாங்குமாறு சிலர் ஆலோசனை கூறுவர். எப்போதும் அது அவசியமன்று. கழிவு, தள்ளுபடி, கூலி ஆகியவற்றின் நுணுக்கங்கள் பல்லாண்டுகளாக அந்நிரலில் படிந்திருக்கும். புதிதாக எழுதும்போது அவற்றுள் சில விடுபட்டுப்போகலாம். நிரலை அதன் இடத்திலேயே இருக்கவிட்டு, அதன் முன் ஒரு வாயிலை அமைக்கலாம். அவ்வாயிலே ஒருங்கிணைப்பு இடைமென்பொருள். அதன் வழியே பிறருக்குக் கிடைப்பது இணையச் சேவை.

வாயிலின் வேலை

நூல் பண்டகசாலையை எடுத்துக்கொள்வோம். நூல் வேண்டுவோர் உள்ளே புகுந்து சிப்பத்தைத் தாமே எடுப்பதில்லை. முன்னறை எழுத்தர் சீட்டை வாங்கி, கையொப்பத்தையும் அளவையும் பார்த்து உள்ளே அனுப்புகிறார். வந்த சரக்கைப் பதிந்துகொண்டு கொடுக்கிறார். இடைமென்பொருளும் அவ்வெழுத்தரைப் போன்றதே. வலைவழி வரும் கோரிக்கையை ஏற்று, கேட்பவர் யார் என்று சோதித்து, தேவையான மதிப்புகளை மட்டும் ஸ்கிரிப்டிடம் தருகிறது. அது வெளியிடும் விடையை எக்ஸ்.எம்.எல். அல்லது ஜேசன் வடிவில் மாற்றி அனுப்புகிறது. வேலை முடிந்ததும் ஸ்கிரிப்ட் ஓர் எண்ணை விட்டுச்செல்லும். வழக்கமாகச் சுழி எனில் வெற்றி, வேறெண் எனில் தவறு. அவ்வெண்ணைப் படித்துத் தவறைக் கேட்டவருக்குத் தெரிவிப்பதும் வாயிலின் கடமை.

ஒருவர் மட்டும் இயக்குவதற்கென எழுதிய ஸ்கிரிப்டைப் பலர் ஒரே வேளையில் அழைத்தால், ஒரே கோப்பில் இருவர் எழுதிக் கணக்குக் குழம்பக்கூடும். ஆதலின் கோரிக்கைகளை வரிசையில் நிறுத்துவதும், நெடுநேரம் முடியாத வேலையை நிறுத்திவிடுவதும் வேண்டும்.

வந்த வழி

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்து என்.சி.எஸ்.ஏ. நிலையத்தில் 1993 இல் உருவான சி.ஜி.ஐ. முறையே இத்துறையின் முன்னோடி. கோரிக்கை ஒவ்வொன்றுக்கும் அது ஸ்கிரிப்டைப் புதிதாகத் தொடங்கிற்று. கூட்டம் பெருகியபோது தாமதமும் பெருகிற்று. 2000 ஆம் ஆண்டில் சோப் 1.1 என்னும் செய்தி விதி வெளியாயிற்று. பின்னர்ப் பல இடைமென்பொருள்கள் தோன்றின. 2007 இல் முதல் பதிப்புக் கண்ட அப்பாச்சி கேமல் அவற்றுள் ஒன்று. கணிப்பொறியிலுள்ள நிரலை இயக்கி அதன் விடையைப் பெறும் உறுப்பு அதில் உண்டு. இதே துறையில் உழைக்கும் டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனம் 2005 இல் இலங்கையில் தொடங்கப்பெற்றது.

காவலற்ற வாயில்

2014 செப்டம்பரில் ஷெல்ஷாக் என்னும் குறை வெளிப்பட்டது. பாஷ் என்னும் ஷெல்லில் 1989 முதல் மறைந்திருந்த பிழை அது. சி.ஜி.ஐ. முறையில், கேட்பவர் அனுப்பும் தலைப்புக் குறிப்புகள் சூழல் மாறிகளாக ஸ்கிரிப்டைச் சென்றடையும். அக்குறிப்பில் ஒருவன் கட்டளையை ஒளித்துவைத்தால், பாஷ் அதனையும் நிறைவேற்றிவிட்டது. ஸ்கிரிப்ட் அக்குறிப்பைப் படிக்கவே வேண்டியதில்லை. ஸ்கிரிப்டில் பிழையே இல்லாவிடினும் தீங்கு நேர்ந்தது. வந்ததையெல்லாம் உள்ளே விட்ட வாயிலே அதற்கு வழியாயிற்று.

ஆகவே, எண் வரவேண்டிய இடத்தில் எண்ணை மட்டுமே ஏற்க வேண்டும். பெயரை ஒப்புதல் பெற்ற பட்டியலோடு ஒப்பிட வேண்டும். வந்த சொற்களைக் கட்டளை வரியோடு ஒட்டி ஷெல்லிடம் கொடுத்தல் ஆகாது. ஸ்கிரிப்டுக்கு அதன் வேலைக்குரிய அதிகாரத்துக்கு மேல் அளித்தலும் ஆகாது.

புதிய நிரலுக்குப் பணம் ஒதுக்கும் தீர்மானம் வரும்போது அங்கத்தினர்கள் மூன்று கேள்விகள் கேட்பார்களாக. பழைய நிரல் தரும் கணக்கு சரியானதா? சரியெனில் வாயில் ஒன்று மட்டும் போதாதா? அவ்வாயிலில் எதை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்று எழுதிவைத்தவர் யார்? மூன்றாவதற்கு விடை கிடைக்கும்வரை வாயிலைத் திறவாதிருப்பதே அறிவுடைமை.