படம் காட்டும் கருவி

வீட்டு வாயிலில் அயலார் ஒருவர் வந்து நின்றால், யார், எவ்வூர், என்ன காரியம் என்று விசாரித்த பிறகே உள்ளே அழைக்கிறோம். கணிப்பொறிக்கு ஒரு புகைப்படம் வந்து சேர்ந்தாலோ எதையும் விசாரிப்பதில்லை. அனுப்பியவர் அறிமுகமானவர்தாமா என்றுகூடப் பாராமல் திறந்துவிடுகிறோம். ‘படந்தானே, பார்ப்பதில் என்ன கெடுதல்?’ என்பது நம் எண்ணம். நானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் சரியன்று என்பதையும், அதை உணர்ந்தவர்கள் பலர் கூடி ஆக்கிய ஒரு கருவியை எவ்வாறு புதிதாக அமைத்தார்கள் என்பதையும் இன்று சொல்ல விரும்புகிறேன்.

முதலில் படம் என்பது யாது என்று காண்போம். திரையில் தோன்றும் படம் சிறுசிறு வண்ணப் புள்ளிகளால் ஆயது. அகலத்தில் 4,000 புள்ளிகளும் உயரத்தில் 3,000 புள்ளிகளும் இருந்தால், மொத்தம் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். புள்ளி ஒன்றுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றின் அளவையும் குறிக்க மூன்று பைட்டுகள் என்று கொண்டால், 3 கோடியே 60 லட்சம் பைட்டுகள் ஆகின்றன. ஒவ்வொரு படத்தையும் இப்படியே சேமித்தால் இடம் கட்டாது. ஆகவே ஜேபெக், வெப்-பி முதலிய முறைகளால் சுருக்கி எழுதி வைக்கிறார்கள். நம்மிடம் வந்து சேர்வது, படத்தை மீண்டும் எவ்வாறு வரைவது என்னும் குறிப்பேயாகும். படம் காட்டும் கருவி அக்குறிப்பைப் படித்து, அது சொல்கிறபடி புள்ளிகளை நிரப்புகிறது. அயலார் எழுதிய சொல்லுக்கு நம் கணிப்பொறி கீழ்ப்படிகிறது என்பதே இதன் பொருள்.

அபாயம் இங்கேதான் தோன்றுகிறது. ஒரு மரக்கால் கொள்ளும் பாத்திரத்தில் இரண்டு மரக்கால் நெல்லைக் கொட்டினால், மிகுதி பக்கத்தில் சிந்தும். கணிப்பொறியின் நினைவகத்திலும் அப்படியே. குறிப்பை எழுதியவன் வஞ்சகனாக இருந்து, ஒதுக்கிய இடத்துக்கு மேற்பட்ட எழுத்துகளைத் தந்திரமாக நிரப்பச் செய்தால், அவை அண்டையிலுள்ள பகுதியை அழித்து எழுதும். அவன் விரும்பிய கட்டளையை நம் கணிப்பொறியே நிறைவேற்றவும் கூடும்.

இது வெறும் கற்பனையன்று. 2023ஆம் ஆண்டு செப்டம்பரில், வெப்-பி படங்களை விரித்துக் காட்டும் நிரல்தொகுதி ஒன்றில் இத்தகைய குறை வெளிப்பட்டது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் முதலிய உலாவிகளும் வேறு பல மென்பொருள்களும் அதையே நம்பியிருந்தமையால், எல்லாவற்றையும் அவசரமாகத் திருத்த நேர்ந்தது. அந்தத் தொகுதியின் நிரல் எவரும் படித்துப் பார்க்கக் கூடியதாகத் திறந்தே இருந்தது. ஆயினும் குறை கண்ணில் படவில்லை. கதவு திறந்திருப்பதால் மட்டும் வீடு பத்திரமாகிவிடாது. வீட்டின் அமைப்பும் நன்றாக இருத்தல் வேண்டும்.

இனி நான் சொல்ல வந்த கருவிக்கு வருகிறேன். லினக்ஸ் கணிப்பொறிகளில் வழங்கும் குனோம் என்னும் திரைச் சூழலை, மிகுவேல் டி இக்காசா, ஃபெதெரிக்கோ மெனா என்னும் மெக்சிக்கோ நாட்டார் இருவர் 1997இல் தொடங்கினார்கள். பின்னர்ப் பல நாட்டவர் அதில் கைகோத்தார்கள். அச்சூழலில் படம் காட்டும் பணியை ‘ஐ ஆஃப் குனோம்’, அதாவது குனோமின் கண், என்னும் கருவி நெடுங்காலம் செய்து வந்தது. 2023 செப்டம்பர் 20ஆம் நாள் வெளிவந்த குனோம் 45ஆம் பதிப்பில் அதன் இடத்தை ‘லூப்’ என்னும் புதிய கருவி பெற்றது. லூப் என்பது பொற்கொல்லரும் கடிகாரம் பழுதுபார்ப்பவரும் கண்ணில் பொருத்திக்கொள்ளும் உருப்பெருக்காடியின் பெயர்.

பழைய கருவியைச் செப்பனிடாமல், அடித்தளத்திலிருந்தே புதிதாகக் கட்டினார்கள். அதில் இரண்டு மாறுதல்கள் முக்கியமானவை. முதலாவது, ரஸ்ட் என்னும் நிரல்மொழியில் எழுதியது. பாத்திரத்தின் அளவை மீறிக் கொட்ட முயன்றால் இம்மொழி தடுத்துவிடும். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2019இல் வெளியிட்ட கணக்கின்படி, அது ஆண்டுதோறும் திருத்தும் பாதுகாப்புக் குறைகளில் ஏறத்தாழ 70 சதவீதம் நினைவகத்தைத் தவறாகக் கையாள்வதால் நேர்வன. எனவே இத்தடையின் பயன் சிறிதன்று.

இரண்டாவது மாறுதல், ‘கிளைசின்’ என்னும் நிரல்தொகுதி. சில வகைப் படங்களை விரிக்கப் பழைய மொழிகளில் எழுதிய தொகுதிகளையே இன்னும் நம்ப வேண்டியிருக்கிறது. ஆகவே குறிப்பைப் படிக்கும் வேலையைக் கருவியின் உள்ளே செய்யாமல், தனியே அடைத்த ஒரு செயல்முறையிடம் ஒப்படைத்தார்கள். அதற்கு இணையத் தொடர்பு இல்லை. நம் கோப்புகளைத் தொடும் உரிமையும் இல்லை. கொடுத்த ஒரு படத்தை விரித்துப் புள்ளிகளைத் திருப்பித் தருவது மட்டுமே அதன் தொழில். வந்தவரைத் திண்ணையில் உட்காரவைத்து விசாரிப்பது போன்றது இது. அவர் பொல்லாதவராக இருந்தாலும், கூடத்துக்கும் அறைக்கும் நுழைவது அரிது.

இம்மாற்றத்தில் இழப்பும் இருந்தது. படங்களைத் தாமே ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டிச் செல்லும் வசதியும், துணைநிரல்களைச் சேர்க்கும் வசதியும் பழைய கருவியில் இருந்தன. புதியது வந்தபோது அவை அதில் இல்லை. பழகியவர்கள் குறைப்பட்டுக்கொண்டது நியாயமே. பழையதை விரும்புவோர் அதை நிறுவிக்கொள்ளத் தடையும் இல்லை. புதியதும் வளர்ந்து வந்தது. 2025 மார்ச்சில் வெளிவந்த குனோம் 48ஆம் பதிப்பில், படத்தை வேண்டிய அளவுக்கு வெட்டிக்கொள்ளும் வசதி அதில் சேர்ந்தது. அவ்வாண்டு அக்டோபரில் வந்த உபுண்டு 25.10 பதிப்பும் லூப்பையே ஏற்றுக்கொண்டது.

நம்மில் பலர் இக்கருவியைப் பயன்படுத்தாதவராக இருக்கலாம். எனினும் எந்தக் கருவியில் படம் பார்த்தாலும் அபாயம் ஒன்றே. மென்பொருளைப் புதுப்பிக்கச் சொல்லித் திரையில் அறிவிப்பு வரும்போது, நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவிடுவது என் வழக்கமாக இருந்தது. முகம் அறியாத பலர் நம் வாயிலைக் காக்க உழைத்ததன் பயன் அந்த அறிவிப்பில் அடங்கியிருக்கக் கூடும் என்று அறிந்த பின், அவ்வழக்கத்தை விட்டுவிட்டேன். நேயர்களும் அவ்வாறே செய்வீர்களாக.